அளவியை அளப்பது யார்?



ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை என்ன? கம்பியின் விட்டத்தை அளப்பதா? இல்லை. அதன் இரு முகங்களையும் ஒன்றோடொன்று தொடச் செய்து, தலைக்கோலின் சுழிக்கோடு புரிக்கோலின் அடிக்கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பீர்கள். பொருந்தாவிட்டால் சுழிப்பிழை உண்டு என்று குறித்துக்கொள்வீர்கள். பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அந்தப் பிழையைக் கூட்டியோ கழித்தோ திருத்திக்கொள்வீர்கள்.

சுழிப்பிழை கண்ணுக்குத் தெரிகிற பிழை. ஆனால் அளவியின் புரியே பல ஆண்டுப் பழக்கத்தில் தேய்ந்திருந்தால்? சுழியில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். நடுவில் மட்டும் அளவு தவறும். அந்தப் பிழையை அதே அளவியைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? ஒருநாளும் முடியாது. வெளியிலிருந்து ஒரு படியளவு வர வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டையின் தரக்கட்டுப்பாட்டு அறைகளில் வெல்வெட் விரித்த மரப்பெட்டிக்குள் பளபளக்கும் எஃகுக் கட்டைகள் இருக்கும். அவற்றுக்கு ஸ்லிப் கேஜ் என்று பெயர். அளவியைச் சரிபார்க்க அவற்றைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கட்டைகளையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குவார்கள்.

நம் நாட்டின் கிலோகிராமுக்கும் இதே கதிதான். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 57 என்ற எண் பொறித்த கிலோகிராம் படி பாதுகாக்கப்படுகிறது. நாட்டிலுள்ள தராசுகளுக்கெல்லாம் மூலம் அதுவே என்று இருந்த காலத்திலும், அதனைப் பாரிஸ் அருகே செவ்ரே என்னுமிடத்திலுள்ள பன்னாட்டு எடை அளவு நிலையத்துக்குக் கொண்டு சென்று ஒப்பிட்டுப் பார்த்தே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் கிலோகிராமின் வரையறையே மாறி, பிளாங்க் மாறிலியைச் சார்ந்ததாகிவிட்டது. ஆயினும் பாடம் மாறவில்லை. தன்னைத் தானே அளந்துகொண்டு சரி என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எந்த அளவுகோலுக்கும் இல்லை.

இயற்பியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது. ஆனால் நானே அதை மறந்த ஒரு சமயம் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கருத்து ஒன்றைத்தான் இங்கே உங்களிடம் சொல்லப் போகிறேன். கல்லூரியில் படிக்கும்போதே புதிய தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்கள் தம் கல்லூரியின் மதிலுக்குள் கிடைக்கும் உதவியோடு நின்றுவிடக் கூடாது. வெளியே உள்ள புத்தொழில் திட்டங்களையும் தேடிப் போக வேண்டும்.

"நாங்கள் இன்னும் பள்ளியில்தானே படிக்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரிக்குப் போய்விடுவீர்கள். அங்கே போன பிறகு சொன்னால், சில வேளை காலம் கடந்துவிடுகிறது.

கோழிக்குஞ்சுகள் தந்த பெயர்

இன்று பெரிய கல்லூரிகள் பலவற்றில் 'தொழில் வளர்காப்பகம்' என்ற பலகையைக் காணலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'இன்குபேட்டர்' என்று பெயர். முட்டையைச் சூடாக வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் பொறிக்கும் அதே பெயர்தான். இந்த இரண்டுக்கும் என்ன உறவு?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்றொரு சிற்றூர். அங்கே வேளாண் கருவிகள் செய்துவந்த பெரிய தொழிற்சாலை ஒன்று 1950-களில் மூடப்பட்டது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். 1959-இல் ஜோசப் மன்குசோ என்பவரின் குடும்பம் அந்தக் கட்டடத்தை வாங்கியது. அவ்வளவு பெரிய கட்டடத்தை முழுமையாக வாடகைக்கு எடுக்க எவரும் முன்வரவில்லை. ஆகவே அவர் அதனைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வாடகைக்கு விட்டார். அவர்களுக்குக் கணக்கெழுதவும், கடன் பெறவும், ஆலோசனை பெறவும் வழிசெய்து கொடுத்தார். அங்கே குடியேறியவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு வளர்க்கும் நிறுவனம். அவர்கள் குஞ்சு பொரிக்கிறார்கள், நாம் தொழில் பொரிக்கிறோம் என்று வேடிக்கையாகப் பேசப் போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் தொழில்முனைவோர் மேம்பாட்டுக்கென ஒரு தேசிய வாரியம் 1982-இல் அமைந்தது. 1986-இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்கா ஒன்று தோன்றியது. நாட்டின் முதல் சில பூங்காக்களுள் அதுவும் ஒன்று. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் 1998-இல் ஒன்று எழுந்தது. 2010-க்குப் பிறகு இவை காளான்போல் பெருகின.

ஒன்றைக் கவனியுங்கள். பட்டேவியாவில் அந்தக் கட்டடம் கல்லூரிக்குள் இல்லை, ஊருக்குள் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் முதல் நாளிலிருந்தே வாடகை கொடுத்தார்கள், பொருளை விற்றார்கள், வாங்குவோரின் ஏச்சையும் கேட்டார்கள். கல்லூரிக்குள் வளர்காப்பகம் வந்தபோது முட்டைக்குச் சூடு கிடைத்தது. ஆனால் ஓட்டை உடைத்து வெளியே வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி குறைந்துவிட்டது.

அலமாரியில் ஒரு பெட்டி

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளநிலை இயற்பியல் படித்த மூன்று மாணவர்கள் ஒரு கருவி செய்தார்கள். அவர்களில் ஒருவனின் தந்தை, பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்தார். லேத் எந்திரத்தின் பேரிங் திடீரென்று கெட்டு இரண்டு நாள் வேலை நின்றுபோனதை அவர் வீட்டில் சொல்லி வருந்தியிருக்கிறார். அதிலிருந்துதான் பையனுக்கு எண்ணம் தோன்றியது.

பேரிங்கின் உள்ளே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. ஓடுபாதையில் ஊசிமுனை அளவு குழி விழுந்தாலும், ஒவ்வொரு குண்டும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு விழும். தண்டு சுழலும் வேகத்துக்கேற்ப அந்தத் தட்டுகள் சீரான அதிர்வெண்ணில் வரும். காதுக்கு எட்டாத நிலையிலேயே அதைப் பிடித்துவிடலாம். எவ்வாறு? 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த அழுத்தமின் விளைவு உங்களுக்குத் தெரியும். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும். அழைப்புமணியில் இருக்கும் சில ரூபாய் விலையுள்ள பித்தளைத் தட்டும் இதே வேலையைச் செய்யும். மாணவர்கள் அத்தகைய தட்டு ஒன்றைப் பேரிங் கூட்டின்மேல் ஒட்டினார்கள். அதன் குறிப்பை ஒரு நுண்கட்டுப்பாட்டுச் சில்லுக்குக் கொடுத்தார்கள். தட்டுகள் மிகுந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

அருமையான வேலை. கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு கொடுத்தோம். அடுத்த ஆண்டு மெருகேற்றிக் கொண்டு வந்தார்கள். மறுபடியும் முதல் பரிசு. நடுவர்கள் யார்? நானும் என் சக ஆசிரியர்களும். எங்களில் எவரும் லேத் எந்திரத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் நடந்த ஒரு புத்தொழில் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று அம்மாணவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் போய்வர வேண்டும். நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "இங்கேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். அங்கே போய் அலைவானேன்? பருவத் தேர்வு வேறு வருகிறது. படிப்பை முடியுங்கள், பிறகு பார்ப்போம்" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். அவர்களும் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில், சான்றிதழோடு கூடிய ஒரு புகைப்படத்துக்காக, அவர்களை ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். கருவியை மாட்டிக் காட்டினோம். பட்டறைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. ஆனா பேரிங் போறது எங்களுக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிடும். வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. ராத்திரி ஷிப்டுல டூல் மழுங்குறதுதான் தெரியறதில்ல. காலையில வந்து பார்த்தா நாற்பது பீஸ் ரிஜெக்ட் ஆகிக் கிடக்கும். தினம் தினம் அந்தக் கஷ்டம்தான். அதைச் சொல்லுமா இது?"

அவர் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. மாணவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டும் கருவி மழுங்கினால் உராய்வு மிகும்; விசை மிகும்; அதிர்வின் தன்மை மாறும். அதே தட்டு, அதே சில்லு. கணக்கிடும் முறையை மட்டும் மாற்றி உழைத்திருந்தால் நிச்சயமாக அந்தத் திசையில் போயிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் தேர்வு. அதன் பிறகு ஒருவன் மேற்படிப்புக்குப் போனான். இருவர் வேலைக்குப் போனார்கள். வீட்டில் வருமானம் தேவைப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருவி எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில், இரண்டு பரிசுக் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது.

அந்தப் பட்டறைக்கும் எங்கள் கல்லூரிக்கும் இடையே உள்ள தூரம் நகரப் பேருந்தில் அரை மணி நேரம். இரண்டு ஆண்டுகளாக எங்கள் அளவியை நாங்களே அளந்து, பிழையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெளியே போனால் என்ன கிடைக்கும்?

முதலாவது, நம்மை அறியாத நடுவர் கிடைப்பார். உங்கள் ஆசிரியருக்கு உங்களைப் பிடிக்கும். உங்கள் வெற்றி கல்லூரிக்குப் பெருமை. ஆகவே அவர் கையிலுள்ள அளவி சற்றே கூடுதலாகக் காட்டும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "இவன் அரியர் வைத்தவன்", "இந்தப் பெண் வாயே திறக்காது" என்று கல்லூரிக்குள் முத்திரை குத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் அளவி குறைத்துக் காட்டும். வெளியே இருப்பவருக்கு இரண்டும் தெரியாது. கருவியை மட்டும் பார்ப்பார். மிகையாகப் புகழப்பட்டவருக்கு அது கசக்கும். ஒதுக்கப்பட்டவருக்கு அது விடுதலை. இரண்டாவது வகை மாணவர்களுக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதலாம்.

இரண்டாவது, வாங்குவோரைச் சந்திக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 2011-இல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர்கள் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 100 பேரை நேரில் சந்தித்துப் பேச வேண்டும். தம் கருவியைப் புகழ்வதற்காக அல்ல, அவர்களுடைய இடர்ப்பாட்டைக் கேட்பதற்காக. சென்னை ஐ.ஐ.டி.யில் 2017-இல் அமைந்த கோபாலகிருஷ்ணன் தேஷ்பாண்டே மையம் இதே வழியில் பிற கல்லூரிக் குழுக்களுக்கும் பயிற்சி தருகிறது. என் மாணவர்கள் 100 பேரைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பட்டறைக்காரர்களைப் பார்த்திருந்தாலே போதும்.

மூன்றாவது, கல்லூரியில் இல்லாத எந்திரமும் பணமும் ஆட்களும் கிடைப்பார்கள். மேசைமேல் இயங்கும் மாதிரி வேறு. எண்ணெய்ப் பிசுக்கிலும் சூட்டிலும் ஓராண்டு இயங்க வேண்டிய பொருள் வேறு. அதற்கு அச்சு செய்ய வேண்டும். மின்சுற்றுப் பலகை அடிக்க வேண்டும். சோதனை செய்ய வேண்டும். மத்திய அரசின் நிதி-பிரயாஸ் என்ற திட்டம் நாடெங்கும் உள்ள மையங்களின் வழியே முதல் மாதிரி செய்வதற்கு ₹10 லட்சம் வரை மானியம் தருகிறது. எங்கள் கல்லூரி தந்த பரிசு ₹2,000.

ஓசூருக்கு வந்த வண்டி

"பெரிய கல்லூரிகளில் எல்லாம் இருக்குமே, அவர்கள் எதற்காக வெளியே போகிறார்கள்?" என்று கேட்கலாம். நம் ஊர்ச் சாலையிலேயே அதற்குச் சான்று ஓடிக்கொண்டிருக்கிறது.

தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் வடிவமைப்புப் படித்தவர்கள். 2013-இல் ஏத்தர் எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் எண்ணம் மின்கல அடுக்குகள் செய்வது. பின்னர் முழு வண்டியையே வடிவமைக்க முடிவு செய்தார்கள். ஐ.ஐ.டி.யின் வளர்காப்பகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மத்திய அரசின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியத்தை நாடினார்கள். அதே ஐ.ஐ.டி.யின் பழைய மாணவரான ஒரு தொழிலதிபரிடம் தொடக்க முதல் பெற்றார்கள். 2014 இறுதியில் பெங்களூரிலிருந்து ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் முதலீடு செய்தார்கள். நிறுவனம் சென்னையை விட்டுப் பெங்களூருக்கே குடிபெயர்ந்தது. 2018-இல் முதல் வண்டி விற்பனைக்கு வந்தது. 2021-இல் அதன் தொழிற்சாலை எங்கே அமைந்தது தெரியுமா? ஓசூரில்.

நான் அந்த வண்டிக்கு விளம்பரம் செய்யவில்லை. என்னிடம் இருப்பது பழைய மிதிவண்டிதான். சொல்ல வருவது இதுவே: நாட்டின் முதல் வரிசைக் கல்வி நிறுவனம் ஒன்றின் முழு ஆதரவு பெற்றவர்களுக்கே அதன் மதில் போதவில்லை. அவ்வாறிருக்க, நான்கு அலைவுகாட்டியும் ஒரு பற்றவைப்புக் கோலும் வைத்திருக்கும் நம் கல்லூரிகளின் மதில் போதுமா?

எண்ணிப் பார்த்தால் ஓசூரே மதில் தாண்டியவர்களின் ஊர்தான். 1971-இல் அமைந்த சிப்காட் நிறுவனம் 1970-களில் இங்கே தொழில் வளாகத்தை உண்டாக்கியது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அதே ஆண்டில் அசோக் லேலண்ட் வந்தது. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கியபோது, தொழில்நுட்பம் பிரான்சிலிருந்து வந்தது; வேலை கற்றுக்கொண்டவர்கள் பள்ளிப்படிப்பு முடித்த நம் கிராமத்து இளைஞர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர் இது. இங்கே பிறந்துவிட்டு வெளியே போகத் தயங்குவது பொருந்துமா?

எல்லைக்கோடும் விண்ணப்பமும்

நம் பகுதி மாணவர்களுக்கு ஒரு தனி வசதியும் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ.; சென்னையோ 300 கி.மீ.க்கு மேல். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும், இந்திய மேலாண்மைக் கழகமும், உயிரியல் துறையில் சி-கேம்ப் என்ற மையமும் புத்தொழில்களை வளர்க்கின்றன. காலையில் போய் மாலையில் திரும்பலாம். இது வசதி.

சிக்கல் என்னவெனில், மாநில அரசுகளின் மானியம் பொதுவாக அந்தந்த மாநிலத்தில் பதிவு செய்த நிறுவனங்களுக்கே கிடைக்கும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் சட்டைப்பையிலுள்ள பணம் மாறுவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பதிவு செய்தால், தமிழ்நாடு புத்தொழில் இயக்கத்தின் டான்சீட் திட்டத்தில் ₹10 லட்சம் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கலாம். கர்நாடகத்தில் பதிவு செய்தால் அம்மாநிலத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுத் திட்டங்களுக்கு இந்தக் கோடு இல்லை. ஆகவே நிறுவனத்தை எங்கே பதிவு செய்வது என்பதை, அவசரத்தில் ஒரு நண்பர் சொன்னார் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பயிற்சிக்கு எல்லை தாண்டலாம். பதிவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மறுப்பவர் சொல்வதையும் கேட்போம்

என் சக ஆசிரியர் ஒருவர் இந்தக் கருத்தை ஏற்பதில்லை. அவர் கூறும் காரணங்கள் நியாயமானவை. "கல்லூரியில் இடம் இலவசம். வெளியே போனால் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வருகைப்பதிவு எல்லாம் பிரச்சினை. பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். வெளியே இருப்பவர்கள் நிறுவனத்தில் பங்கு கேட்பார்கள். இன்னும் சிலர் வெறும் சான்றிதழை விற்கிறார்கள்" என்கிறார்.

எல்லாம் உண்மை. அதனால்தான் கல்லூரியை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கல்லூரியில் வேரூன்றிக்கொண்டு வெளியே கிளை விடுங்கள் என்கிறேன். பல திட்டங்களுக்கு வாரம் ஒரு நாள் போனால் போதும். சில திட்டங்களின் வகுப்புகளை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். கிளை விடும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று: நம்மிடம் கட்டணம் கேட்கிறார்களா? முளைவிடும் தொழிலிடம் பெருந்தொகை கேட்பவர் உங்கள் தொழிலை வளர்ப்பவர் அல்லர். உங்களால் தம் தொழிலை வளர்ப்பவர்.

இரண்டு: பங்கு கேட்கிறார்களா? எவ்வளவு? அதற்கு ஈடாக எதைத் தருகிறார்கள்? பங்கு கேட்பது குற்றமன்று. படிக்காமல் கையெழுத்திடுவதுதான் குற்றம்.

மூன்று: இதற்கு முன் அங்கே பயின்றவர்களில் இருவரோடு பேச முடியுமா? முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நான்கு: நாம் செய்யும் பொருள் தொடர்பான எந்திரமோ, அத்துறை தெரிந்தவரோ அங்கே உண்டா? மென்பொருள் மட்டும் அறிந்த இடத்தில் லேத் எந்திரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஐந்து: கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? இது கல்லூரியிடமும் கேட்க வேண்டிய கேள்வி. கல்லூரி ஆய்வகத்தில் செய்த பொருளில் கல்லூரிக்கும் உரிமை உண்டு என்று சில நிறுவனங்களின் விதிகள் கூறும். மேலும், புதுமையானது என்றால்தான் காப்புரிமை கிடைக்கும். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே நுட்பத்தை ஊரறியக் காட்டிவிட்டால் அந்தப் புதுமை போய்விடக்கூடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டால், முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு.

என் சக ஆசிரியர் கூறாத மறுப்பு ஒன்றும் இருக்கிறது. வெளியே போகும் பலர் தோற்றுத் திரும்புவார்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "உன் கருவி யாருக்கும் வேண்டாம்" என்ற செய்தியை இரண்டாம் மாதத்தில் கேட்பது நல்லதா, மூன்றாம் ஆண்டின் கடைசி வாரத்தில் கேட்பது நல்லதா? அளவு தவறு என்று முன்னதாகவே தெரிந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது

பள்ளியில் இருக்கும்போதே இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஓய்வு நாளில் உங்கள் வீட்டருகே உள்ள ஒரு பட்டறைக்கோ, மாம்பழக்கூழ் ஆலைக்கோ, ரோஜாத் தோட்டத்துக்கோ, கிருஷ்ணகிரி பட்டுக்கூடு அங்காடிக்கோ பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அனுமதி கேட்டு உள்ளே போய், அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குத் தினமும் தொல்லை கொடுப்பது எது?" அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் யோசனையை அப்போது சொல்லாதீர்கள். இப்படிப் பத்துப் பேரிடம் கேட்ட பிறகு நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரே தொல்லை மூன்று நான்கு பக்கங்களில் வந்திருந்தால், அங்கேதான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

பள்ளி மாணவர்களுக்கும் வெளித் திட்டங்கள் உண்டு. இன்ஸ்பயர்-மானக் விருதுத் திட்டத்துக்கு உங்கள் பள்ளி வழியே புதிய எண்ணங்களை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய ₹10,000 கிடைக்கும். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனப் புத்தாக்கத் திட்டம் நடத்தியிருக்கிறது. உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் மறுநாளும் கேளுங்கள்.

பின்னர் கல்லூரியில் சேரும்போது, விடுதி எப்படி, பேருந்து உண்டா என்று விசாரிப்பதோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: "வெளியே நடக்கும் புத்தொழில் பயிற்சிக்குப் போனால் வருகைப்பதிவில் சலுகை உண்டா?" அந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் கல்லூரிகள் விடை தேடத் தொடங்கும்.

என்னைப் பொறுத்தவரை, இப்போது கண்காட்சிக்கு நடுவராகத் தொழிற்பேட்டையிலிருந்து இருவரை அழைக்க வேண்டும் என்று எங்கள் துறையில் வற்புறுத்தி வருகிறேன். வெளித் திட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டு எவரேனும் வந்தால், தேர்வு அட்டவணையை நான் எடுப்பதில்லை. பேருந்து நேரத்தைத்தான் சொல்கிறேன். அலமாரியிலிருக்கும் அந்தப் பெட்டியை அகற்றிவிடலாம் என்று ஆய்வக உதவியாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பித்தளைத் தட்டு இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. மழுங்கிய டூலின் ஓசையை அதற்குக் கற்றுக்கொடுக்க உங்களில் ஒருவர் வரக்கூடும்.